பஸ் நுழையும் மனை

டிரைவர் அந்த இரும்பைக் கொண்டுவந்து வைத்த இடம் தப்பாகப் போய்விட்டது. வைப்பதற்கு வாசல்படி இருந்தது, தரை இருந்தது, பழுதாகிக் கிடந்த துணி பிழியும் மெஷினின் தலை இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, சாயங்காலம் லாட்ஜுக்குப் போகவேண்டிய வெள்ளை விரிப்புகளைத் தேய்த்து மடித்து மார்பளவு அடுக்கியிருந்தார்களே, அதன் உச்சியில் வைத்தார். வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, பரிசு வாங்கிவந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார்.

"இது என்னன்னு சொல்லு பாப்போம்."

அவர் மனைவி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இரும்பைப் பார்க்கவில்லை. இரும்புக்கு அடியில் பார்த்தாள். ஈரமண்ணும் துருவும் குழைந்து விரிப்பில் இறங்க ஆரம்பித்திருந்தன.

"கறை. மேல் விரிப்புல ஒண்ணு, அதுக்குக் கீழ ஒண்ணு. நீங்க இன்னும் ரெண்டு நிமிஷம் இப்படியே நின்னா மூணாவதுலயும் ஒண்ணு."

"அதைக் கேக்கலம்மா..."

"நான் அதைத்தான் சொல்றேன். எடுங்க முதல்ல."

மூலையில் உட்கார்ந்து தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்த அவருடைய அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "இவன் பஸ்ஸைத்தான் கண்ட இடத்துல நிறுத்துவான்னு நினைச்சேன்."

டிரைவரின் மனைவிதான் அந்தத் தெருவுக்கு லாண்டரிக்கா. இரண்டு லாட்ஜ், ஒரு பல் டாக்டர், ஒரு முடிவெட்டும் கடை, இத்தனை பேருடைய வெள்ளைத் துணியும் பன்னிரண்டு வருஷமாக அவள் கையால்தான் வெள்ளையாக இருந்துவருகிறது. வீட்டின் முன்னறை தேய்க்கும் இடம், பின்கட்டு துவைக்கும் இடம், நடுவில் மிச்சமிருப்பதில்தான் குடும்பம். அண்ணி, அதாவது டிரைவரின் அக்கா, பக்கத்துத் தெருவிலிருந்து காலை ஏழு மணிக்கு வருவாள். பெரிய விரிப்பைப் பிழிய நாலு கை வேண்டும், அதில் இரண்டு கை அவளுடையது. கையைவிட வாய்தான் அதிகம் உழைக்கும் என்று டிரைவர் சொல்வார், அவள் இல்லாத சமயம் பார்த்து.

கறைக்கு எலுமிச்சை உப்பைப் போட்டு ஊறவைத்துவிட்டு வந்த பிறகுதான் லாண்டரிக்கா இரும்பை ஒழுங்காகப் பார்த்தாள். இப்போது அது வாசல்படியில், கிழிந்த துண்டின் மேல் கிடந்தது. கை விரல் நுனியிலிருந்து முழங்கையைத் தாண்டும் நீளம். கட்டைவிரல் கனம். ஒரு நுனி சுட்டுவிரலை மடக்கியது மாதிரி வளைந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சாண் நேராகப் போய், ஒரு இடத்தில் இரும்பு புடைத்துக் கழுத்துக் கட்டி மாதிரி தடித்திருந்தது. அந்தப் புடைப்பைத் தாண்டியதும் ஒரு மடக்கு, மறுபடி ஒரு மடக்கு, கடைசியில் கை பிடிக்கிற அளவுக்கு ஒரு நீட்டம். கடையில் வாங்கியதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. சுத்தியல் விழுந்த அடி ஒவ்வொன்றும் தட்டையாகத் தெரிந்தது. யாரோ நெருப்பில் காய்ச்சி, கண்ணளவிலேயே அடித்து உருவாக்கியிருந்தார்.

"பழைய லாரி ஸ்டார்ட் பண்ற ஹேண்டில்" என்றார் டிரைவர். "முன்னாடி குத்திச் சுத்துவாங்களே, அது."

"கொக்கி எதுக்கு?"

டிரைவர், "அந்தக் காலத்து லாரி" என்றார்.

அவர் விடுப்பு எடுத்திருந்ததே அந்த மனையைச் சுத்தம் செய்யத்தான். மனை என்று வாய் கூசாமல் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஒன்பதடி அகலம், இருநூற்றிருபதடி நீளம். ஆறு வருஷத்துக்கு முன்னால், சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் போட்டு அதை வாங்கினார். வாங்குவதற்கு முன் போய்ப் பார்க்கவும் செய்தார். உள்ளே முள்ளும் புதரும் மண்டிக்கிடந்தது. வாயிலில் நின்று, இருபது வருஷம் பஸ் ஓட்டிய கண்ணால் இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பஸ் நுழையும் என்று பட்டது. பஸ்ஸே நுழைகிற இடத்தில் ஒரு வீடு நுழையாதா என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். டிப்போவில் அதற்கப்புறம் அவருக்குப் பேர் 'ரன்வே'.

லாண்டரிக்கா அந்த மண்ணை ஒரே ஒரு நாள்தான் மிதித்தாள். வீட்டுப் படம் போட ஒரு இஞ்சினீயர் வந்த நாள். அவளே ஒரு படம் வரைந்து எடுத்துப்போயிருந்தாள், ரசீதுத் தாளின் பின்பக்கம், பென்சிலில். பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேல் ஒரு ஜன்னல். பின்னால் துவைக்க ஒரு முற்றம். ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். இஞ்சினீயர் குறுக்கே டேப்பைப் பிடித்தார். பிடித்துவிட்டு, "அம்மா, இதுல வீடு கட்டினா நீங்க தூங்கி எந்திரிச்சு ரிவர்ஸ்ல தான் வெளிய வரணும்" என்றார். கூட வந்த தரகர் சிரித்தார். வேடிக்கை பார்த்த நாலு பேரும் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. டிரைவரும் சிரித்தார். அசடு வழிய, வேறென்ன செய்வதென்று தெரியாமல் சிரித்த சிரிப்புதான், அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் பொறுக்கவில்லை. ரசீதை வெளியே எடுக்காமலே திரும்பி வந்தாள். "இனிமே அந்த மண்ண நான் மிதிக்க மாட்டேன்" என்றாள். சொன்னது சொன்னதுதான். ஆறு வருஷமாகக் கடைக்குப் போவதற்குக்கூட அந்த வழியை விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

இப்போது அந்தச் சபதம் கழுத்தைப் பிடித்திருந்தது. துணி காயப்போடுவது வாடகை வீட்டு மொட்டை மாடியில். அந்த மாடியில் செல்போன் டவர் நிறுத்த வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஒன்றாம் தேதி ஆட்கள் வருகிறார்கள். காயப்போட இடமில்லாவிட்டால் லாண்டரி இல்லை. நாளொன்றுக்கு அறுபது விரிப்பு, அதை ஜன்னல் கம்பியிலா காயப்போட முடியும்? ஊரெல்லாம் அலைந்து பார்த்தாகிவிட்டது. "ஏன், நம்ம இடத்துலயே கொடி கட்டலாமே" என்று டிரைவர் ஒரு தடவை வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார். அண்ணியும் சொல்லிப் பார்த்தாள். "முள்ளு" என்றாள் லாண்டரிக்கா. "புழுதி" என்றாள். "ஆமா, அத்தனை பேர் சிரிச்ச இடத்துல என் துணியையும் தொங்கவிட்டு இன்னும் நாலு பேர் சிரிக்கட்டும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

அந்த மனைக்குப் பக்கத்தில் பேக்கரி. பேக்கரிக்காரருக்கு இரண்டு வேன் நிறுத்த இடம் வேண்டும். அவர் மனையை விலைக்குக் கேட்டதும், டிரைவர் பதில் சொல்வதற்குள் இவள் முந்திக்கொண்டு, "எடுத்துக்குங்கண்ணே" என்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து. புதரை வெட்டிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு என்று டிரைவர் ஏற்றுக்கொண்டதில் கிடைத்ததுதான் இந்த இரும்பு. மனையின் வாயிலில், இடப்பக்க ஓரமாக இடுப்புயரத்தில் ஒரு கல் நட்டிருக்கும். அதன் காலடியில் வேரோடு பின்னிக் கிடந்ததாம்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. டிரைவர் இரும்பைப் படம் பிடித்து டிப்போ குழுவில் போட்டார். நாற்பது டிரைவர்கள் இருந்தார்கள், நாற்பத்தைந்து பதில் வந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பழைய இரும்புப்பெட்டியின் திறவுகோல் இது, பெட்டியும் அங்கேதான் புதைந்திருக்கும், விற்பதற்கு முன் நன்றாகத் தோண்டிப் பாருங்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். பல் டாக்டரிடம் துணி கொடுக்கப்போன அண்ணி அங்கேயும் இதைப் பேசிவிட்டு வந்தாள். யானைக்குப் பல் பிடுங்குவதாக இருக்கும் என்று டாக்டரே சொன்னாராம். பேக்கரிக்காரர் மாவுக்கையோடு வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது அடுப்புச் சாமான். உள்ள இருக்கற தட்டைக் கொக்கியால இழுக்கறது. எங்கப்பா வச்சிருந்தாரு."

"மடக்கு எதுக்குண்ணே?"

"சூடு கைக்கு வராம இருக்க."

"அப்ப இந்தப் புடைப்பு?"

பேக்கரிக்காரர் புடைப்பைத் தடவிப் பார்த்தார். "அழகுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் கொக்கி ஒத்துவந்தது, இல்லாவிட்டால் மடக்கு ஒத்துவந்தது. புடைப்பு ஒருவருக்கும் ஒத்துவரவில்லை. லாண்டரிக்கா சோப்புப்பொடி போட்டுத் துணி தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்தாள். அழுக்கான எதையும் அவளால் அப்படியே விட்டுவைக்க முடியாது, அவ்வளவுதான். தேய்க்கத் தேய்க்க இரண்டு விஷயம் தெரிந்தது. கொக்கியின் உள்வளைவு ஒரே பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. புடைப்புக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு இடம், வருஷக்கணக்காக மோதிரம் கிடந்த விரல் மாதிரி, சுற்றிலும் ஒரே சீராக இளைத்திருந்தது. சூடான தட்டை இழுத்தால் சுற்றிலுமா தேயும்? அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. அடுப்பில் பால் பொங்கியது, எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை அண்ணி கண் டாக்டரைப் பார்க்கப் போய்விட்டாள். "மத்தியானம் வந்துருவேன், பெரிய விரிப்ப மட்டும் ஊறவிட்டு வை" என்று சொல்லிவிட்டுப் போனவள், கண்ணில் மருந்து விட்டார்கள், இன்று வெளிச்சத்தில் வரக்கூடாதாம் என்று மத்தியானம் போன் செய்தாள். பிழியும் மெஷின் ஏற்கெனவே படுத்துவிட்டது. டிரைவர் மனையில் முள் வெட்டிக்கொண்டிருந்தார். பின்கட்டில் இருபத்திரண்டு இரட்டைக் கட்டில் விரிப்பு அலசிக் கிடக்கிறது. ஒற்றை ஆளாகப் பிழிந்தால் தண்ணீர் பாதி விரிப்பிலேயே நிற்கும், மாடிக்குத் தூக்கவும் முடியாது. விரிப்பின் ஒரு முனையை எதிர்ச் சுவர்க் கொக்கியில் மாட்டி, மறுமுனையைக் கையால் முறுக்கிப் பார்த்தாள். நாலு சுற்று சுற்றுவதற்குள் மணிக்கட்டு போதும் என்றது.

அப்போதுதான் இரும்பு ஞாபகம் வந்தது. ஒரு கொக்கிதானே, விரிப்பை மாட்டலாம். ஒரு பிடி இருக்கிறது, சுற்றலாம். அதைத் தாங்க ஏதாவது வேண்டும். பழைய தண்ணீர்க் குழாயைத் தாங்குவதற்காகச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கவை ஒன்று குழாயில்லாமல் சும்மா நின்றது. அதில் படுக்கவைத்தாள். இளைத்த இடம் கவையில் போய் உட்கார்ந்தது. விரிப்பை மாட்டினாள். ஈரவிரிப்பின் கனம் இழுத்ததும் இரும்பு கவையிலிருந்து நழுவி வந்துவிடும் என்று பயந்தாள். வரவில்லை. புடைப்பு கவையில் வந்து முட்டி நின்றுகொண்டது.

"அடேயப்பா" என்றாள் லாண்டரிக்கா, அங்கே யாரும் இல்லாதபோதும்.

அழகுக்கு இல்லை. இழுத்தாலும் கழன்று போகாமல் இருக்கத்தான் அந்தப் புடைப்பு. பிடியைச் சுற்றினாள். வெண்ணெய் மாதிரி ஓடியது. மணிக்கட்டுக்கு வேலையே இல்லை, தோளிலிருந்து சும்மா வட்டம் போட்டால் போதும். விரிப்பு இறுகியது, தண்ணீர் கொட்டியது, பிறகு சொட்டியது, பிறகு நின்றது. தண்ணீர் நின்ற பிறகும் அவள் நிறுத்தவில்லை. ஓடுகிற ஓட்டம் அப்படி இருந்தது. இவ்வளவு நல்ல சாமானை அவள் கை தொட்டு வெகுநாளாகியிருந்தது.

கழற்றுவதற்காக எதிர்முனையைக் கையில் எடுத்துக்கொண்டு இரும்பை நோக்கி வந்தாள். நடுவில் தொய்வு விழுந்ததும், விரிப்பு உயிர் வந்தது போல் துள்ளி, பாதியில் மடிந்து, ஒரு பாதி இன்னொரு பாதியை மளமளவென்று சுற்றிக்கொண்டது. இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அண்ணியும் அவளும் பிழிந்து முடிக்கும்போதெல்லாம் இப்படித்தான் சுற்றிக்கொள்ளும். அண்ணி சலித்துக்கொண்டே உதறிப் பிரிப்பாள். இன்று உதற ஆளில்லை. அதை அப்படியே தரையில் போட்டாள். கையை எடுத்த பிறகும் அது பிரியவில்லை.

குனிந்து பார்த்தாள். விரிப்பு என்று தெரியாமல் பார்த்தால், அது கயிறு.

ஒன்பதடி விரிப்புக்கு நாலடிக் கயிறு. நல்ல நீளமாக ஒரு கயிறு வேண்டுமென்றால்? நீளமாக இழுத்துக் கட்டவேண்டும். எவ்வளவு நீளம் இடம் இருக்கிறதோ அதில் பாதிக்கும் குறைவாகத்தான் கயிறு வரும். அகலம் தேவையே இல்லை. ஒரு ஆள் நடக்க, எதிரே வருபவருக்கு ஒதுங்க வழி இருந்தால் போதும். இருநூற்றிருபதடி நீளம், ஒன்பதடி அகலம்.

லாண்டரிக்கா கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஆறு வருஷமாக அந்த இடம் வீடாக இல்லையே என்று அதன் மேல் கோபப்பட்டிருக்கிறாள். அது வீடாக இருப்பதற்கு ஏற்பட்டதே இல்லை. யாரோ ஒருவர் நூல் பிடித்து அளந்து, கயிறு திரிக்கத் தனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நீளமாக, கச்சிதமாக வாங்கியிருக்கிறார். அவர் மனைவி அவரை ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள்.

சாயங்காலம், வெயில் தாழ்வதற்குள், இரும்பைத் துண்டில் சுற்றி, முறுக்கிய விரிப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனாள். டிரைவர் முக்கால்வாசி வெட்டி முடித்திருந்தார். அவளைத் தெருமுனையில் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டார். வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தார். வேறு எதற்காக அவள் இந்தத் தெருவுக்குள் வரப்போகிறாள்?

"என்னம்மா? அக்காவுக்குக் கண்ணு..."

"அண்ணி கண்ணு நல்லாத்தான் இருக்கு. நகருங்க."

அவள் உள்ளே வரவில்லை. தெருவில் நின்றபடியே அந்தக் கல்லைப் பார்த்தாள். ஆறு வருஷமாக மைல்கல் என்று டிப்போக்காரர்கள் கேலி செய்த கல். தலையில் ஒரு வெட்டு இருந்தது. காக்கை உட்காரவும், போகிறவர்கள் பீடியை அணைக்கவும் பயன்பட்ட வெட்டு. துண்டால் அதைத் துடைத்தாள். மனையின் உட்புறம் கொக்கி பார்த்திருக்கும்படி இரும்பை அதில் வைத்தாள். குழந்தை இடுப்பில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தது. பிடியை ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

டிரைவர் கல்லையும் இரும்பையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் துணிப்பையிலிருந்து முறுக்கிய விரிப்பை எடுத்துக் காட்டி, இது கயிறு திரித்த இடம் என்று சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் திரும்பி, மனைக்குள் கொஞ்ச தூரம் போய், குதிகாலால் தரையை உதைத்தார்.

"அதான்!" என்றார். "அதான் கடப்பாரை இறங்கவே இல்ல. அங்கிட்டெல்லாம் மண்ணு பொலபொலன்னு இருக்கு. இந்தக் கல்லுலேர்ந்து நேரா ஒரே கோடு, கடைசிவரைக்கும், சிமெண்ட் போட்ட மாதிரி. ரெண்டு நாளா என்னடான்னு மண்டையைப் பிச்சுக்கிறேன். நடந்து நடந்து இறுகியிருக்கு!"

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் பார்த்தாள். லாரி ஹேண்டில் இல்லை என்று ஆனதில் அவருக்கு வருத்தமே இல்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்கிறார், அதுவும் அவள் வாயால். அவளுக்குச் சட்டென்று அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், "கைல முள்ளு குத்தியிருக்கு, வீட்டுக்கு வாங்க, எடுத்து விடறேன்" என்றாள்.

பேக்கரிக்காரரிடம் மறுநாள் அவளேதான் போனாள். அவர் முழங்கை வரை மாவில் இருந்தார்.

"அண்ணே, இடத்தைக் குடுக்கப்போறதில்ல."

பேக்கரிக்காரரின் கை நின்றது. "தங்கச்சி, வாக்கு குடுத்தது நீங்க."

"நான்தான். அதான் நானே வந்தேன். அவர அனுப்பல."

"ரோட்டுல நிறுத்தி நிறுத்தி வேன் ரெண்டு பக்கமும் உரசிப்போச்சு. உங்கள நம்பி நான் வேற எங்கயும் கேக்கல." அவருக்குக் கோபம் வந்திருந்தது, நியாயமான கோபம். மாவை எடுத்து மேஜையில் அறைந்தார்.

லாண்டரிக்கா முறுக்கிய விரிப்பை மேஜையின் மாவில்லாத ஓரத்தில் வைத்துவிட்டு, இரும்பு என்ன வேலை செய்தது என்பதை மட்டும் சொன்னாள். பேக்கரிக்காரர் வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தார். பார்த்தவர் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தார். பிறகு மாவில் ஒரு துண்டைக் கிள்ளி, உள்ளங்கையால் நீளமாக உருட்டி, இரண்டு முனையையும் எதிரெதிராக உருட்டி முறுக்கேற்றித் தூக்கினார். மாவு தானாகப் பாதியில் மடிந்து சுற்றிக்கொண்டது.

"தினம் இருநூறு போடறேன்" என்றார். "முறுக்கு ரொட்டி. எனக்குத் தோணல பாருங்க. அடுப்புச் சாமான்னு சொல்லிட்டுப் போனேன்."

"உங்க வேன் எத்தனை மணிக்குக் கிளம்புது?"

"விடிய முன்ன."

"எப்ப திரும்பும்?"

"சாயங்காலம் ஆறு, ஆறரை."

"எனக்கு அஞ்சு மணிக்கு மேல ஒரு துணி கூடக் கொடியில கிடக்காது. ஒரு வேனுக்குப் பின்னால ஒரு வேன் நிறுத்துங்க. பஸ்ஸே நுழையுமாம், உங்க வேன் நுழையாதா?"

பேக்கரிக்காரர் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றுப்போனார். வீட்டுக்குப் போகும்போது ஒரு பொட்டலம் ரொட்டியும் அவள் கையில் இருந்தது.

வெள்ளியும் சனியும் அவள் கிழிசல் மூட்டைகளை அவிழ்த்தாள். லாட்ஜ்காரர்கள் வேண்டாமென்று கழித்த விரிப்புகள், தூக்கிப் போட மனம் வராமல் அலமாரிக்கு மேல் வருஷக்கணக்காகச் சேர்ந்தவை. கொடிக்குக் கடையில் நைலான் கிடைக்கும். ஆனால் வெள்ளைத் துணிக்கு வெள்ளைத் துணியில் திரித்த கொடிதான் சாயம் விடாது, கறை பிடிக்காது என்று அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது, ஆசையும் இருந்தது. நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, முனையோடு முனை மெஷினில் தைத்து, பெரிய உருண்டையாகச் சுற்றினாள். கண் மருந்து தெளிந்து வந்த அண்ணி உருண்டையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் நான் இல்லேன்னா இந்த வீட்ல என்னென்னமோ நடக்குது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் மனைக்குப் போனார்கள். பேக்கரிக்காரருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டிய நேரம். டிரைவர் கல்லின் வெட்டில் எண்ணெய் விட்டு இரும்பை வைத்தார். துணிநூலின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டினார். உருண்டையை எடுத்துக்கொண்டு யாராவது கடைசிவரை போகவேண்டும். அண்ணி தம்பியைப் பார்த்தாள், தம்பி வேறு எங்கோ பார்த்தார்.

"மிதிக்க மாட்டேன்னு சொன்னல்ல?" என்றாள் அண்ணி.

"செருப்புப் போட்டிருக்கேன்" என்றாள் லாண்டரிக்கா. உருண்டையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

அவர்கள் பக்கம் பார்த்தபடி பின்னால் பின்னால் நடந்தாள், உருண்டையை அவிழ்த்துக்கொண்டே. காலுக்கடியில் மண் இறுகிச் சமமாக இருந்தது. திரும்பிப் பார்க்காமலே நடக்க முடிந்தது. பக்கத்துச் சுவரைத் தாண்டி ரொட்டி வாசனை வந்தது. இரண்டு பக்கமும் சுவர், மேலே முழுநீளத்துக்கும் வானம், காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனை வரை தங்குதடை இல்லாமல் வந்தது. இந்தக் காற்றுக்கு விரிப்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று கை கணக்குப் போட்டது. பாதி வழியில் அண்ணி நின்றுகொண்டாள், நூல் தரையில் படாமல் தாங்குவதற்கு. கடைசிச் சுவர் முதுகில் பட்டபோது டிரைவர் கட்டைவிரல் அளவுக்கு ஆகியிருந்தார். அவள் முனையை இடுப்பில் சுற்றிக் கட்டி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அவர் சுற்ற ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நூல் நடுங்கியது. அங்கே அவர் போட்ட முறுக்கு இருநூறு அடி தாண்டி அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

டிரைவர் சுற்றிக்கொண்டே ஏதோ கத்தினார். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை.

"என்னவாம் அண்ணி?"

அண்ணி அந்தப் பக்கம் காதைக் கொடுத்தாள். மறுபடி கத்தச் சொன்னாள். கேட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பியபோது அவள் முகத்தில் ஒன்றும் புரியாத குழப்பம்.

"அன்னிக்கு அவன் சிரிச்சிருக்கக் கூடாதாம்!" என்று கத்தினாள். "என்னிக்குடீ? எதுக்குச் சிரிச்சான்?"

லாண்டரிக்கா அவர் பக்கம் பார்த்தாள். தூரத்தில் அவர் சுற்றுவதை நிறுத்தாமல், தலையை மட்டும் குனிந்துகொண்டிருந்தார். ஆறு வருஷம் ஒரே வீட்டில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்து சொல்லமுடியாததைச் சொல்ல மனுஷனுக்கு இவ்வளவு நீளம் தேவைப்பட்டிருக்கிறது. அவளுக்குக் கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லை.

"சரியா கேக்கலன்னு சொல்லுங்க அண்ணி!" என்றாள்.

முறுக்கு ஏற ஏற நூல் குறுகியது. முதலில் கையை இழுத்தது, பிறகு இடுப்பை. அவள் குதிகாலை ஊன்றி ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு விட்டுக்கொடுத்து ஒரு அடி முன்னால் வைத்தாள். நடுவழியில் அண்ணி, "அவளுக்குக் கேக்கலயாம்டா, இன்னொரு தடவ சொல்லு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள். கொக்கி வெயிலில் பளிச் பளிச்சென்று சுற்றியது. நூல் மறுபடி இழுத்தது. அவள் அடுத்த அடியை வைத்தாள்.